தடை எண் நான்கு

டிராக்டரை இப்போதெல்லாம் வானத்திலிருந்து ஓட்டுகிறார்கள்.
நான் காபியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
நேர்கோடு, திரும்பல், நேர்கோடு.
தென்மேற்குக் கால்பகுதியில் மட்டும் ஒரு சிணுங்கல்:
முன்னால் தடை.
விதைப்பான் தானே கால்களைத் தூக்கிக்கொள்கிறது,
சேற்றைத் தாண்டும் கொக்கு மாதிரி.

பன்னிரண்டடிக்கு ஒன்பதடி.
கம்பிவேலி, காட்டு ரோஜா, சிமெண்டுச் சிலுவை.
கடைசிக் குறுக்குக் கட்டை சாய்ந்திருக்கும்,
ஒரு தட்டு கனத்த தராசு போல.
ஒனுஃப்ரி ஹவ்ரிஷ்கிவ் என்று பெயர்.
பிறந்த வருஷம் உண்டு.
செத்த வருஷத்துக்கு விட்ட இடத்தில் பாசி.

கலீசியாவிலிருந்து அவனும் தங்கை யெவ்தோகாவும் வந்தபோது
பத்து டாலருக்கு நூற்றறுபது ஏக்கர்.
மூன்று வருஷம் குடியிருக்கணும்.
முப்பது ஏக்கராவது உடைக்கணும்
(வேர் பின்னிய இந்தப் புல்தரையை முதலில் உழ முடியாது,
உடைக்கத்தான் முடியும்).
ஆணாக இருக்கணும்.
விதவைக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள்.
தங்கைக்கு இல்லை.

முதல் ஜனவரியில் மாவு மில்லுக்கு நடந்துபோனான்.
வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது
உட்கார்ந்தபடியே கிடைத்தான்.
மேல்சட்டையைக் கழற்றி
மூட்டைக்குப் போர்த்தியிருந்தான்.

பூமி இரும்பாய்க் கிடந்தது.
ஏப்ரல்வரை வடக்குச் சுவரோரம்
பனிக்குள் வைத்திருந்தாள்.
அந்த மாவைத்தான் தின்றாள்.
வேறென்ன செய்வாள்.
மண் இளகியதும் புதைத்தாள்,
மேலே உருளைக்கிழங்கு போட்டாள்.

ஜூலையில் இன்ஸ்பெக்டர் வந்தார்.
பூத்திருந்த பாத்தியில் பூட்ஸோடு நின்று,
கொசுவை ஓட்டிக்கொண்டே,
அண்ணன் எங்கே என்றார்.
அவளிடம் இருந்த ஆங்கிலம் பதினைந்து வார்த்தை.
நிலத்தில் இருக்கிறான், என்றாள்.
அவர் எழுதிக்கொண்டார்.
மறுவருஷம் அதே கேள்வி.
அதே பதில். கிழங்கு மட்டும் வேறு.

ஒரு வடிகால் வழக்குக்காக
ரெஜைனாவில் பழைய கோப்பைப் புரட்டினேன்.
விண்ணப்பத்தில் அவன் கைநாட்டு ஒரு பெருக்கல் குறி.
இரண்டு கோடு, யார் கீறினால் என்ன,
சர்க்காருக்கு எல்லாம் ஒரே கை.
மூன்று வருஷம் கழித்துப் பட்டா மனுவிலும் பெருக்கல் குறி.
அதன் காலடியில் மட்டும்
சின்னதாய் ஒரு சாய்ந்த கோடு.
பழக்கதோஷம்.
குறுக்கே கீறிய கை
அப்படித்தான் முடித்துப் பழகியிருந்தது.

கீழே சாட்சிகள்:
'மனுதாரர் ஒரு நாள்கூட
இந்த நிலத்தைவிட்டு அகலவில்லை.'
செமேன் புர்டேய்னி. தோர்வால்ட் எக்ரெ.
எக்ரெ என் கொள்ளுத்தாத்தா.
லுத்தரன் சபை மூப்பர், சீட்டாட்டத்தைப் பாவமென்றவர்.
அந்த வரியில் பொய் எங்கே என்று
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன்.
இல்லை.

அடுத்த தாளையும் பார்த்திருக்க வேண்டாம்.
அதே மாதம், வடக்கோரம் பன்னிரண்டு ஏக்கர்,
ஒனுஃப்ரி எக்ரெவுக்கு விற்றது. விலை ஒரு டாலர்.
பெருக்கல் குறி. சாய்ந்த கோடு.
எங்கள் வீடு அங்கேதான் இருக்கிறது.
கொட்டகை, தானியக் குதிர்கள், நாயைப் புதைத்த இடம்.

நாற்பது வருஷம் அண்ணன் பெயரில் வரி கட்டினாள்.
அண்ணன் பெயரில் கோதுமை விற்றாள்.
சிலுவையையும் அவளே வார்க்கச் சொன்னாள்;
வருஷத்தைப் பொறித்தால் பட்டா செத்துவிடும்.
பிறகு அதே குழியில் அவளையும் இறக்கினார்கள்.
எழுத்து ஒன்றும் சேர்க்கவில்லை.

இந்த வசந்தத்தில் புது இயந்திரம், புதுத் திரை.
பழைய தடைகளுக்கெல்லாம் பெயர் கேட்டது.
பாறை, என்று போட்டேன். கம்பம். பழைய கிணறு.
நான்காவதற்கு விரல் நின்றது.
ஒனுஃப்ரி என்று நான்கு எழுத்து அடித்து, அழித்தேன்.

விசைப்பலகையில் பெருக்கல் குறி இருந்தது.
சாய்ந்த கோடும் இருந்தது.
இரண்டையும் தட்டினேன்.

ஏற்றுக்கொண்டது.